அடுத்த வீட்டார் சொல்லும் சாட்சி

(அம்பர்நாத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பர்நாத் உழைப்பாளிகளின் ஊர். 1060-இல் எழுந்த சிவன் கோயில் இதற்குப் பழம்பெருமை தந்தது. தமிழனை இங்கே அழைத்து வந்ததோ பிழைப்பு. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, அரசின் ஆயுதத் தொழிற்சாலை, பிறகு பெருகிய ரசாயன ஆலைகள், பட்டறைகள் என்று வேலை இருந்த இடத்தைத் தேடித் தெற்கிலிருந்து குடும்பங்கள் வந்தன. தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களின் பிள்ளைகளும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் நகர்ந்தவர்களும் கல்யாணுக்கு அப்பால் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களில் கிறிஸ்தவர்கள் துணிமணியோடு வேதப்புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள். ஆனால் சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மராட்டியக் குடும்பம் அந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்த்ததில்லை. சபையின் விசுவாசப் பிரமாணமும் அவர்களுக்குத் தெரியாது. சீட்டுப் பணம் சொன்ன தேதியில் வந்ததா, பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது வாய்த்தகராறு வந்ததா, சம்பள நாளில் அந்த வீட்டு ஆண்பிள்ளை எந்த நிலையில் வீடு திரும்பினார் என்பவை மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காலை நெரிசலில் லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவது ஆளுக்காகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது யார் என்பதும் தெரியும்.

சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வது நம்முடைய வழக்கம். கர்த்தர் செய்த நன்மைகளை நாலு பேர் கேட்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் தேவனுக்கேற்ற குணம் ஒருவரிடம் வளர்ந்திருக்கிறதா என்பதற்கு அவருடைய சாட்சி மட்டும் போதாது. அடுத்த வீட்டாரும், உடன் வேலை செய்பவரும், கடன் கொடுத்தவரும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் இப்படி வெளியார் சொன்ன சாட்சிகள் உண்டு. அவற்றில் ஒன்று தஞ்சாவூரிலிருந்து வருகிறது.

1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். நம் ஊர்ப் பெரியவர்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள். வந்த சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். தஞ்சை அரண்மனை மராட்டியருடையது. அவர்களோடு பேச மராத்தியும் கற்றார். பாரசீகமும் கற்றார். திருச்சியிலும் பிறகு தஞ்சையிலும் அவர் வாழ்ந்த வாழ்க்கை சிக்கனமானது. மணம் செய்துகொள்ளவில்லை. கட்டில் போட்டால் நிறைந்துவிடும் ஓர் அறையும் சோறும் காய்கறியும் அவருக்குப் போதுமாயிருந்தன.

மைசூரை ஆண்ட ஹைதர் அலி படையெடுத்த 1780-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வீரர்கள் பசியால் தெருவில் விழுந்து மடிந்தார்கள். கோட்டைக்கு வெளியே கிராமங்களில் நெல் இருந்தது; கொண்டுவந்து சேர்க்க மாடும் வண்டியும் இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். முன்பு வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமல் ஏமாற்றிய அரசாங்கத்தை எப்படி நம்புவது? அரசர் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வந்தார்கள். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று அவர் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் திரண்டன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பேசிய கூலியை அவர் ஒவ்வொருவருக்கும் முழுமையாகக் கொடுத்து அனுப்பினார்.

மாட்டுக்காரர்கள் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு வந்தவர்கள் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் இல்லை. இந்த ஆள் சொன்னால் கூலி கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள். பிறகு ஒருமுறை, அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் நிலத்தை விட்டுப் போன உழவர்களில் 7,000 பேர் அவருடைய வாக்கை நம்பி ஒரே நாளில் திரும்பி வந்தார்கள். அத்தனை குடும்பங்களின் அந்த ஆண்டுச் சாப்பாடு ஒரு மனிதருடைய சொல்லை நம்பியிருந்தது.

ஹைதர் அலிக்கும் இது தெரிந்திருந்தது. 1779-இல் ஆங்கிலேயர் அவரிடம் தூது அனுப்ப நினைத்தபோது, வேறு யாரையும் நம்ப மாட்டேன், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் வஞ்சகம் செய்ய மாட்டார் என்ற கருத்தில் சொல்லி அனுப்பினார். ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சமாதானம் பேசினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் போனார். அவர்கள் வாங்க மறுத்தபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதல் பணமாக வைத்தார். அடுத்த ஆண்டு போர் மூண்டது. அப்போதும் இந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் போக விடுங்கள் என்று ஹைதர் தம் தளபதிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

தஞ்சை மன்னர் துளஜா இறக்கும்போது தம் தத்துப்பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்படைத்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் இறந்த பிறகு, லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சை ஆலயத்தில் வைத்தார். மரணப்படுக்கையில் ஐயர் படுத்திருக்க, மன்னர் அவர் கையைப் பற்றி நிற்பதை அந்தச் சிற்பத்தில் இன்றும் காணலாம். மதம் மாறாத மன்னர் ஒரு போதகருக்குச் சொன்ன சாட்சி அது.

சுவார்ட்ஸ் ஐயரிடம் குறையே இல்லையா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். அவர் காலத்துத் தஞ்சை ஆலயத்தில் மக்கள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். அவர் அதைக் கண்டித்து ஒழிக்கவில்லை. காலப்போக்கில் மாறும் என்று விட்டுவைத்தார். மாறவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இந்த வழக்கத்துக்கு முடிவுகட்டும்படி எழுதியபோது தஞ்சைச் சபையில் பெரும் கலகம் எழுந்தது. சுவார்ட்ஸ் ஐயர் மடியில் வளர்ந்தவர்களே சாதி வழக்கத்துக்காக வாதாடினார்கள். பணத்தில் அப்பழுக்கில்லாத ஒரு தலைமுறை, பந்தியில் தடுமாறியது.

மனந்திரும்புதல் ஒரு நாளில் நடக்கலாம். குணம் அப்படி வந்துவிடாது. 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்வோம். 1748 மார்ச்சில் நடுக்கடலில் புயலில் சிக்கி ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார். அதையே தம் மனந்திரும்புதலின் நாளாகக் கடைசிவரை நினைவுகூர்ந்தார். அதன் பிறகு அவர் செய்த தொழில் என்ன? ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோய் விற்கும் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் அடிமைகள். 1754-இல் உடல்நலம் கெட்டுத்தான் கடல் தொழிலை விட்டார். அந்த வியாபாரம் பாவம் என்று ஊரறியச் சொல்லி, தம் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் புத்தகம் வெளியிட்டது 1788-இல். இடையில் கழிந்தவை 40 ஆண்டுகள். அந்த 40 ஆண்டுகளில் எத்தனை கப்பல்கள் போயின, எத்தனை பேர் கடலில் வீசப்பட்டார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. விசுவாசியின் வளர்ச்சி தாமதப்படும்போது அதற்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

குணம் மெதுவாகவே வளரும் என்பதை நன்றாக உணர்ந்தவர் நம்முடைய மராட்டிய மண்ணிலேயே இருந்தார். அவர் லட்சுமிபாய் திலக். நாசிக் பக்கத்து ஊரில் 1868-இல் பிறந்தவர். வீட்டுக்குள் வரும் பொருளையெல்லாம் கழுவி எடுக்கும் அளவுக்குத் தீட்டுப் பார்த்தவர் அவருடைய தகப்பனார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்குக் கணவராக வாய்த்தவர் கவிஞர் நாராயண வாமன் திலக். 1895 பிப்ரவரியில் திலக் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவிக்கு இடி விழுந்தாற்போல் ஆயிற்று. சில ஆண்டுகள் கணவரைப் பிரிந்தே வாழ்ந்தார். பிறகு சேர்ந்து வாழ வந்தபோதும் தனி அடுப்பு, தனிக் குடம். தம் கையால் இறைத்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்கவில்லை.

அவரை யாரும் வற்புறுத்தவில்லை. கணவரும் அந்த அடுப்பைத் தொடவில்லை. லட்சுமிபாய் தாமாக யோசித்துக்கொண்டே இருந்தார். கடவுள் மனிதரைப் படைத்தாரா, சாதிகளையும் படைத்தாரா? விலங்குகளில் வகை உண்டு. மனிதரில் அப்படி ஒரு வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லையே? யோசனை முற்றிய ஒரு நாள், இனி யார் கையாலும் சாப்பிடுவேன் என்று முடிவு செய்தார். தனி அடுப்பு அன்றோடு அணைந்தது. 1900-இல் ஞானஸ்நானம் பெற்றார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள், எந்தச் சாதி என்று யாரும் கேளாமல், அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தார்கள். 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய 'ஸ்மிருதி சித்ரே' என்ற தன்வரலாறு மராத்தி இலக்கியத்தில் உயர்ந்த இடம் பெற்றது. அதில் அவர் தம்மைப் பரிசுத்தவாட்டியாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோபமும் பிடிவாதமும் பயமும் உள்ள ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை அப்படியே எழுதினார்.

பேதுருவின் இரண்டாம் நிருபம் முதல் அதிகாரம் இந்தக் கொஞ்சம் கொஞ்சமான வளர்ச்சியைத்தான் கற்பிக்கிறது. விசுவாசத்தில் தொடங்கி இச்சையடக்கம், பொறுமை, சகோதர சிநேகம் என்று ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே போய் அன்பில் சேர்கிறது அந்த வரிசை. கிருபை தேவனுடையது, கூட்டிக்கொள்ளும் முயற்சியை விசுவாசியிடம் அப்போஸ்தலர் எதிர்பார்க்கிறார். ஆவியானவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, பத்து வருஷத்துக்கு முன் இருந்த அதே முன்கோபத்தோடும் அதே கடனோடும் இருப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் தனி மனிதர் மட்டும் முயன்றால் போதுமா? ஒரு சமூகமே மாறிய கதையைத் தெலுங்குப் பகுதியிலுள்ள டோர்ணக்கல் காட்டுகிறது. அங்கே பேராயராக இருந்தவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் முன்னின்றவர். வெள்ளைக்காரர் பணத்தை நம்பாமல், நம் மக்களின் காணிக்கையால் நம் மக்களையே ஊழியத்துக்கு அனுப்பிய சங்கம் அது. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், 35 வயதான அசரியா மேடையேறி ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார். மிஷனெரிகள் இந்திய ஊழியரோடு கை குலுக்கவும், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவும் தயங்குகிறார்கள். தியாகம் செய்ய வந்தவர்கள் சிநேகிதராக மறுக்கிறார்கள் என்றார். அரங்கத்தில் பலருக்கு அது சுட்டது. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

நிஜாம் ஆட்சியிலிருந்த டோர்ணக்கலில் அவருடைய மக்கள் தெலுங்கு பேசும் தாழ்த்தப்பட்டோர். பெரும்பாலும் மாலா, மாதிகா வகுப்பினர். இந்த இரு வகுப்பினருக்கிடையே ஏற்றத்தாழ்வு, பகை. அசரியா தெலுங்கு கற்று, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் விரட்ட வேண்டிய நான்கு பிசாசுகள் என்று பெயர் சொல்லிப் போராடினார். கடனையும் குடியையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததைப் பாருங்கள். உபவாசமும் ஜெபமும் வளர்ந்த சபையில் வட்டிக்காரனும் சாராயக் கடையும் அப்படியே இருந்தால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன விடுதலை? சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைக் காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைக்கப் பெண்கள் பழகினார்கள். பிறர் தயவில் வாழ்ந்தே பழகிய குடும்பம், கொடுக்கும் குடும்பமாக மாறியது அந்தக் கைப்பிடியில்தான்.

1920-களிலும் 30-களிலும் அந்தப் பகுதியில் பிற சாதியினரும் சபையில் சேர முன்வந்தார்கள். ஏன் என்று விசாரித்தபோது திரும்பத் திரும்ப வந்த பதில், சேரியில் குடியிருந்த கிறிஸ்தவர்களின் வாழ்க்கை மாறியதைக் கண்ணால் கண்டோம் என்பதே. பெரிய பிரசங்கிகளால் ஆகாததைக் குடியை விட்ட கூலிக்காரரும், சண்டையை விட்ட அவர் மனைவியும் செய்து காட்டினார்கள். ஊர் யாரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்ததோ, அவர்களுடைய குணத்தைப் பார்த்தே ஊர் கிறிஸ்துவை விசாரிக்க வந்தது. தமிழ்க் கிறிஸ்தவன் ஒருவன் தலைமை தாங்கிய சபையில் இது நடந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு, பொறுப்பும் உண்டு.

துன்பம் வரும்போது குணம் எப்படி உருவாகிறது என்பதற்கு வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் சான்று. 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மருத்துவத் தொழிலில் பெரிய கனவுகள் கண்ட இளம் பெண். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திவந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவருக்கு வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அவர் நூற்றுக்கணக்கான கைகளுக்கு உயிர் கொடுத்தார். எழுந்து நடக்க முடியாத மருத்துவர் தம் கையைப் பிடித்துச் சிகிச்சை செய்வதைக் கண்ட நோயாளிகளுக்கு, தனியாக ஆறுதல் வார்த்தை தேவைப்படவில்லை. வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966-இல் வேலூரில் அதற்கென்றே தனி நிலையம் உருவாகக் காரணமானார். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உபத்திரவத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து தேறிய குணமும் பிறப்பதாகப் பவுல் ரோமருக்கு எழுதியதை மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாழ்ந்து காட்டினார். ஆனால் பால் பிராண்டைப் போல ஒருவர் அருகில் வந்து, இன்னும் உன்னால் செய்யக்கூடியது இது என்று சொல்லாமலிருந்தால் அந்தத் துன்பம் வெறும் துன்பமாகவே முடிந்திருக்கலாம். துன்பப்படுகிறவருக்குப் பக்கத்தில் நிற்பதும் தேவனுக்கேற்ற குணம்தான்.

இனி, நம்முடைய வேலை என்ன? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்தில் நடந்ததைப் பார்க்கலாம். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெபவீட்டுக் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து வாங்கி வரட்டும் என்றார். அப்படிப் பணம் வாங்க வீடு வீடாகப் போன பொறுப்பாளிகள் உள்ளே நடப்பதைக் கண்டார்கள். ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை. இதன் பயனை வெஸ்லி உடனே பிடித்துக்கொண்டார். இந்தப் பன்னிரண்டு பேர் குழுவே வாரந்தோறும் கூடி, ஒருவரை ஒருவர் விசாரித்து, கண்டித்து, தாங்கி நடத்தும் வகுப்பானது. கடன் வசூலுக்குத் தொடங்கியது குணம் வளர்க்கும் பள்ளியாயிற்று. மெதடிஸ்ட் சபை உலகெங்கும் ஊன்றி நின்றதற்கு அந்த வகுப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

அம்பர்நாத்திலும் உல்லாஸ்நகரிலும் பத்லாப்பூரிலும் வீட்டு ஜெபக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், டீ, பிஸ்கட் என்று அவை அன்பாகவே நடக்கின்றன. அவற்றில் இன்னும் அரைமணி நேரம் கூட்டி, போன வாரம் எப்படி நடந்துகொண்டோம் என்று பேசலாம். பேசியது அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பிரிந்து பேசினால் மனம் விட்டுச் சொல்ல வசதியாயிருக்கும். வேலைநேரம் மாறி மாறி வருகிறவர்களுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வைத்துக்கொள்ளலாம்.

சபையின் வரவுசெலவும், சங்கச் சீட்டின் கணக்கும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஏறட்டும். சபையார் தவிர வேறு யார் வந்தாலும் படிக்கும்படி மராத்தியிலும் எழுதட்டும். கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கி ஊரைக் கூட்டுவதை மூப்பர் வீட்டிலிருந்தே நிறுத்தட்டும். திருவிருந்துக்கு முந்தின வாரம், பேசாமலிருக்கும் சகோதரர் வீட்டுக்குப் போய்வர நேரம் ஒதுக்கப்படட்டும். வாலிபர்கள் மராத்தியை நன்றாகக் கற்று, பக்கத்து வீட்டுப் பெரியவரை அரசாங்க மருத்துவமனை வரிசைக்கு அழைத்துப் போகும் அளவுக்குப் பழகட்டும்.

இப்படிப் பேசக் கூடும் ஜெபக் குழுவின் முதல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு துண்டுத் தாளில் மூன்றை எழுதிக் கொண்டுவரட்டும்: திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அல்லது பொருள், மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரு பெயர், இந்த மாதம் விட வேண்டிய ஒரு பழக்கம். தாள் அவரவரிடமே இருக்கட்டும். அடுத்த மாதம் கூடும்போது குழுப் பொறுப்பாளர் எத்தனை தீர்ந்தது என்று மட்டும் கேட்கட்டும். தீராததற்கு என்ன உதவி வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கட்டும்.